சாமி ஊரில் இல்லாத நாட்களில் பத்மநாபபுரம்

வெள்ளி, இரவு. மார்த்தாண்டம்

திருநெல்வேலியில் ரயில் ஏறினால் நாங்குநேரி, வள்ளியூர் வரைக்கும் உடைமரமும் பனையும்தான். பணகுடி தாண்டியதும் காற்றாலைகள் நெருங்குகின்றன, கூடவே மலையும் பக்கத்தில் வருகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் புகுந்து வெளியே வந்தால் பச்சையின் நிறமே வேறு. தோவாளைப் பக்கம் கன்னிப்பூ நெல் அறுவடை முடித்து, அடுத்த போகமான கும்பப்பூவுக்கு உழுது தண்ணீர் கட்டியிருந்தார்கள். வயல் நெடுகக் கொக்கு. ஆனி, ஆடியில் இந்த வழியே வந்தால் காற்று ஆளைத் தூக்கும். புரட்டாசியில் அது அடங்கிப் போய், காற்றாலைகளில் பல சும்மா நின்றுகொண்டிருந்தன.

இந்தக் கணவாய்தான் பழைய திருவிதாங்கூரின் கிழக்கு வாசல். கோட்டையும் காவலும் இருந்த இடம். 1809-இல் வேலுத்தம்பி தளவாய் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துக் கிளம்பியபோது, கம்பெனிப் படை உடைத்துக்கொண்டு உள்ளே வந்ததும் இங்கேதான். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதோடு வாசலுக்கு வேலை போயிற்று. ரயில்வேக்கு மட்டும் இன்னும் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை போல. திருநெல்வேலியை விட்டு வண்டி நகர்ந்த கொஞ்ச நேரத்திலேயே திருவனந்தபுரம் கோட்டம் தொடங்கிவிடுகிறது. நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் அந்தக் கோட்டத்து நிலையங்கள்தான்.

குழித்துறையில் இறங்கும்போது மழை. பெரியம்மா வீட்டில் சாயாவும் பழம்பொரியும் தயாராக இருந்தன. "ரயிலு நேரத்துக்கு வந்துட்டு போலிருக்கே மக்ளே" என்றாள், நம்பாத குரலில். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. மார்த்தாண்டத்தில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள், மீதிப் பேர் அவளுக்குப் பயந்தவர்கள். தொடுவெட்டி என்ற ஊருக்குத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பெயரை வைத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, ஆனால் அவள் காய்கறி வாங்கப் போவது இன்றைக்கும் தொடுவெட்டிச் சந்தைக்குத்தான்.

நாளைக்கு எங்கே என்பதில் பெரிய யோசனை இல்லை. பத்மநாபபுரம் அரண்மனை திங்கட்கிழமை மூடியிருக்கும், ஞாயிறு கூட்டம் தாங்காது. அப்போ சனிதான். நவராத்திரி நேரத்தில் போகிறோமே, அங்கே கொலு, கச்சேரி ஏதாவது இருக்குமா என்று கேட்டேன்.

"சாமியே ஊர்ல இல்லை, பிறகு என்ன கச்சேரி?" என்றாள் பெரியம்மா.

சனி. பத்மநாபபுரம், புலியூர்க்குறிச்சி

விஷயம் இதுதான். பத்மநாபபுரம் அரண்மனையை ஒட்டித் தேவாரக்கெட்டு சரஸ்வதி கோவில் இருக்கிறது. அந்தச் சரஸ்வதி கம்பர் பூஜித்த விக்கிரகம் என்பது பரம்பரையாக வரும் நம்பிக்கை. பத்மநாபபுரம் தலைநகராக இருந்த காலம் முழுக்க நவராத்திரி இங்கேயே நடந்தது. 1790-களில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. அரசன் போய்விட்டான், அலுவலகங்கள் போய்விட்டன. சரஸ்வதியை மட்டும் நிரந்தரமாகக் கொண்டு போகவில்லை. அதற்குப் பதிலாக வருடா வருடம் நவராத்திரிக்கு அவள் புறப்பட்டுப் போய், பூஜை முடிந்து திரும்பி வருகிறாள்.

தனியாகவும் போவதில்லை. வேளிமலை குமாரகோவிலிலிருந்து முருகனும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் சேர்ந்துகொள்கிறார்கள். புறப்படும் நாளில் அரண்மனையின் உப்பிரிக்கை மாளிகையில் வைத்திருக்கும் மன்னரின் உடைவாளை எடுத்துக் கொடுப்பார்கள். வாள் முன்னால் போகும், சாமிகள் பின்னால். முதல் இரவு குழித்துறை, அடுத்த இரவு நெய்யாற்றின்கரை, அதற்கடுத்த நாள் திருவனந்தபுரம். களியக்காவிளையில் தமிழ்நாட்டுப் போலீஸ் மரியாதை செய்து விட, கேரளப் போலீஸ் மரியாதை செய்து வாங்கிக்கொள்ளும். திருவனந்தபுரத்தில் சரஸ்வதிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம், முருகனுக்கு ஆரியசாலை, நங்கைக்குச் செந்திட்டை. ஆளுக்கொரு இடம்.

இரண்டு மாநில அரசுகள் ஆற்றுத் தண்ணீருக்காக எத்தனை சண்டை போட்டாலும் இந்த ஒரு விஷயத்தில் கோப்பு எங்கும் தேங்கி நின்றதாக நான் கேள்விப்படவில்லை.

காலையில் பெரியம்மாவின் பழைய மாணவர் ஒருவர் ஆட்டோவோடு வந்தார். நாற்பது வயது இருக்கும். "டீச்சர், குடை எடுத்தாச்சா?" என்று அவர் கேட்ட பணிவைப் பார்த்தால் நேற்றுத்தான் எட்டாம் வகுப்பு முடித்தவர் மாதிரி இருந்தது. தக்கலை வரைக்கும் தேசிய நெடுஞ்சாலை, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, லாரியும் புகையும். தக்கலையில் கிளைச்சாலையில் திரும்பி, கருங்கல் கோட்டைச் சுவரின் வாசலுக்குள் நுழைந்ததும் சத்தம் நின்றுவிடுகிறது. கோட்டைக்குள் ஒரு சின்ன ஊரே இருக்கிறது. ஓட்டு வீடு, தென்னை, முற்றத்தில் துணி காயப்போட்டிருக்கிறார்கள். நடுவில் அரண்மனை.

மண் தமிழ்நாட்டுடையது, அரண்மனை கேரளத் தொல்லியல் துறையுடையது. டிக்கெட் கிழிப்பவர் முதல் கூட்டிப் பெருக்குபவர் வரை கேரள அரசு ஊழியர்கள். 1956-இல் தாலுகாக்களைப் பிரித்தவர்கள் இதை அப்படியே அவர்களிடம் விட்டுவிட்டார்கள். இதைக் கேட்டதும் நம்மவர்கள் சிலருக்குக் கோபம் வரும். எனக்கு வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தபோது பராமரிப்பு நன்றாகவே இருந்தது, அது போதும். அறைக்கு அறை நிற்கும் ஊழியர்கள் ஆளைப் பார்த்து மலையாளமோ தமிழோ பேசுகிறார்கள். சிலர் பேசுவது எது என்று அவர்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன், அவ்வளவு சரளம்.

செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். இது தொல்லை இல்லை, சௌகரியம். இந்த அரண்மனையைப் பாதி பாதத்தால்தான் பார்க்கவேண்டும். சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு, கருப்பட்டி, ஆற்று மணல் என்று கலந்து இட்டு, தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றிய கறுப்புத் தரை. நேற்றைய மழைக்குப் பிறகு சில்லென்று இருந்தது. நவராத்திரி மண்டபத்துத் தரையில் கல்தூண்கள் தலைகீழாகத் தெரிகின்றன. நான் குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஈரம் இருப்பதாகக் கண் சொல்கிறது, கைக்கு ஒரு துளி ஒட்டவில்லை. விளிம்பில், தூணின் அடியோடு தரை சேரும் இடத்தில், மயிரிழை போல ஒரு விரிசல். அதன் ஓரம்கூட உதிராமல் கண்ணாடி வெட்டுப்பட்டது போலக் கூர்மையாக நிற்கிறது. சிமெண்டுத் தரை போட்டு இரண்டு வருடத்தில் பொரிந்து போன என் வீட்டுத் திண்ணையை நினைத்துக்கொண்டேன்.

அரண்மனையை 1601 வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் கட்டத் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். தாய்க் கொட்டாரம் என்ற பகுதி அதற்கும் முந்தியது. அப்போது ஊர் கல்குளம். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மாதான் இதை விரித்துக் கட்டியவர். 1750-இல் ராஜ்யத்தையே பத்மநாபசுவாமிக்கு எழுதி வைத்துவிட்டு, சாமியின் தாசனாக ஆண்டார். அதே சமயத்தில் எழுந்ததுதான் நான்கு அடுக்கு உப்பிரிக்கை மாளிகை. கீழே கருவூலம், அதற்கு மேலே படுக்கை அறை, உச்சியில் பூஜை அறை. உச்சி அறையில் பத்மநாபனின் சுவரோவியங்கள் இருக்கின்றன, பொதுமக்களை விடுவதில்லை. படுக்கை அறையில் 64 வகை மூலிகை மரத்தால் ஆன கட்டிலைக் காட்டுகிறார்கள். எல்லோரும் அதைத்தான் படம் பிடிக்கிறார்கள். எனக்கென்னவோ அந்தக் கட்டில் மனதில் ஒட்டவில்லை.

எனக்குப் பிடித்தது பூமுகம். உள்ளே நுழைந்ததும் வரும் வரவேற்புக் கூடம். தலையை நிமிர்த்தினால் மரக் கூரை முழுக்கச் செதுக்கிய பூக்கள். ஊழியர் சொன்ன கணக்கு 90, ஒன்றைப் போல இன்னொன்று இல்லையாம். நான் ஒரு வரிசை மட்டும் பார்த்தேன், உண்மைதான், இதழ்களின் அடுக்கு ஒவ்வொன்றிலும் மாறுகிறது. நடுவே தொங்குகிறது குதிரை விளக்கு. சங்கிலியை எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் விளக்கு அந்தப் பக்கமே அசையாமல் நிற்கிறது. ஊழியர் திருப்பிக் காட்டினார், பெரியம்மா "இன்னொருக்கா" என்றாள், மறுபடி காட்டினார். மேலே மந்திரசாலை என்ற ஆலோசனை அறையில் அபிரகத் (மைக்கா) தகடு பதித்த ஜன்னல். வெளியே மூட்டமாக இருந்தாலும் உள்ளே இளம் வெளிச்சம் சிவப்பும் மஞ்சளுமாக விழுந்தது. பேச்சுவார்த்தை நடத்த இவ்வளவு சின்ன, இவ்வளவு அமைதியான அறை போதும் என்று நினைத்தவர்களைப் பாராட்டவேண்டும்.

தாய்க் கொட்டாரத்தில் ஏகாந்த மண்டபத்துப் பலாமரத் தூணைத் தேடிப் போய்ப் பாருங்கள். கூட்டம் அங்கே நிற்பதில்லை. தூணின் செதுக்கலில் ஒரு கொடி எங்கே தொடங்குகிறது என்று விரலால் தொடர்ந்து போனால் (தொடக்கூடாது, காற்றில்தான்) நாலு பக்கமும் சுற்றிவிட்டு வருகிறது.

ஊட்டுப்புரை நீளமான கூடம், இரண்டு தளம். இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற அளவு. ஊறுகாய் போட்டு வைத்த சீனா பரணிகள் ஓரத்தில் வரிசையாக நிற்கின்றன. வெளியே வாலிபர்கள் தூக்கிக் காட்டவேண்டிய கல் ஒன்று, 38 கிலோ. அதைத் தலைக்கு மேல் நூறு தடவை தூக்கினால்தான் படையில் சேர்ப்பார்களாம். பக்கத்தில் ஒரு கல்லூரிக் கூட்டம் அதைப் பற்றி வாய்ச் சவடால் அடித்துக்கொண்டிருந்தது.

கடைசியாகச் சரஸ்வதி கோவில் வாசலில் நின்றோம். பெரியம்மா வழக்கம்போலக் கும்பிட்டாள். ஊரில் இல்லாத சாமியை எதற்குக் கும்பிடுவது என்று கேட்க நினைத்து, அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். தானாகவே சொன்னாள்: "வீட்டுக்காரி வெளியூர் போயிருந்தா வீடு இல்லைன்னு ஆயிருமா?"

மணி ஒன்று ஆனதும் அரண்மனையை மதியச் சாப்பாட்டுக்கு மூடுகிறார்கள், இரண்டுக்குத் திறக்கிறார்கள். நாங்களும் சாப்பிடக் கிளம்பினோம். நவராத்திரி என்பதால் பெரியம்மாவுக்கு மீன் கிடையாது, அதனால் எனக்கும் கிடையாது. தக்கலையில் சைவச் சாப்பாடு. முதலில் பருப்பும் நெய்யும், மேலே பப்படத்தை நொறுக்கிப் போட்டு. பிறகு சாம்பார், அவியல், எரிசேரி, அப்புறம் புளிசேரி. கடைசியில் அடைப் பாயசத்தை இலையில் ஊற்றி, பழத்தைப் பிசைந்து, இன்னொரு பப்படம். நெல்லைக்காரர்கள் இந்தக் கடைசிக் கலவையைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். சுளித்துக்கொள்ளட்டும்.

மழை விட்டிருந்தது. திரும்பும் வழியை விட்டுச் சற்று எதிர்த்திசையில், புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மான், மயில் என்று குழந்தைகளுக்கு ஏதேதோ வைத்திருக்கிறார்கள், அவற்றைத் தாண்டி மரங்களுக்குள் நடந்தால் கூரை இல்லாத ஒரு சிறிய தேவாலயம், உள்ளே கல்லறைகள்.

1741 குளச்சல் போரில் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்தது. பிடிபட்டவர்களில் ஒருவர் யுஸ்டாச்சியுஸ் டி லனாய். கைதியாக வந்தவர் அரசனின் படையைப் பழக்கினார், இந்தக் கோட்டையைச் செப்பனிட்டுக் கட்டினார், பீரங்கி வார்க்கும் பட்டறையும் இங்கே நடந்தது. கடைசியில் படைத்தலைவர் ஆனார். ஊர் மக்களுக்கு 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய கேப்டன். 1777 ஜூன் 1-இல் இறந்தார். கல்லறையில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள். வழிப்போக்கனை நிற்கச் சொல்லித் தொடங்குகிறது. 37 வருடம் உண்மையாக அரசனுக்கு ஊழியம் செய்ததையும், காயங்குளம் முதல் கொச்சி வரை ஆயுத பலத்தால் அடக்கிக் கொடுத்ததையும் சொல்கிறது. தோற்ற நாட்டின் சிப்பாய், ஜெயித்த நாட்டுக்குத் தளபதி. அவர் கல்லின் மேல் இரண்டு மொழி இருப்பதில் ஆச்சரியமில்லை.

பக்கத்தில் மகனின் கல்லறை. களக்காட்டுச் சண்டையில் பட்ட காயத்தால் 1765-இல் இறந்தவன், வயது 19. களக்காடு என் அம்மா ஊருக்குப் பக்கம். அங்கே வாழைத்தார் ஏற்றும் லாரிகளைத்தான் பார்த்திருக்கிறேனே தவிர, ஒரு டச்சுக்காரப் பையன் அடிபட்டு விழுந்த மண் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்தக் கல்லறையின் முன்னால்தான் கொஞ்சம் அதிக நேரம் நின்றேன்.

கிளம்பும்போது ஆட்டோக்காரர், "டீச்சர், அஞ்சு நிமிஷம், எங்க புனிதர் இடத்தையும் காட்டிருதேன்" என்றார். முட்டிடிச்சான் பாறை. நட்டாலத்தில் பிறந்த நீலகண்டப் பிள்ளை அரண்மனை ஊழியத்தில் இருந்தவர், டி லனாயோடு பழகிக் கிறிஸ்தவத்தைத் தெரிந்துகொண்டு, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பிறகு கைது, சித்திரவதை. 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். இழுத்துச் செல்லும் வழியில் தாகத்துக்கு முழங்கையால் இந்தப் பாறையை இடித்ததும் தண்ணீர் வந்ததாக நம்பிக்கை. 2022 மே 15-இல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். பாறைக் குழியிலிருந்து ஒரு பாட்டி பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். பெரியம்மாவும் ஒரு கை வாங்கிக் குடித்தாள். காலையில் சரஸ்வதி, மாலையில் தேவசகாயம். அவளுக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை.

ஞாயிறு. சிதறால், திருவட்டாறு

காலை ஆறரைக்கே சிதறால் அடிவாரம். வெயில் ஏறுவதற்குள் போய்விட்டால் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள், அது சரிதான், ஆனால் புரட்டாசியில் வெயிலைவிட மழைதான் கணக்கு. மேகம் மலை உச்சியில் உட்கார்ந்திருந்தது. "எனக்க முட்டுக்கு இது ஏலாது மக்ளே, நீ போயிட்டு வா" என்று பெரியம்மா கீழே சாயாக் கடையில் இருந்துவிட்டாள். கடைக்காரரும் மாணவர்தான்.

கல் பாவிய பாதை. ஏற்றம் உண்டு, ஆனால் மூச்சு வாங்குகிற அளவு இல்லை. இரு பக்கமும் கொல்லாமரமும் ரப்பரும். ரப்பர் மரங்களுக்கு மழைக்காலப் பாவாடை கட்டியிருந்தார்கள். பால் வெட்டும் கீறலுக்கு மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, மேல் விளிம்பைத் தார் போன்ற பசையால் ஒட்டி. மழைத்தண்ணீர் கீறல் வழியே சிரட்டையில் இறங்கினால் பால் வீணாகிவிடும்.

உச்சியில் இரண்டு பெரும் பாறைகளுக்கு இடையில் ஒரு சந்து. அதற்குள் நுழைந்து வெளியே வந்தால் வலப்பக்கம் முழுப் பாறையும் சிற்பம். சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், தலைக்கு மேல் முக்குடை. பாம்புப் படம் விரித்த பார்சுவநாதர் நிற்கிறார். அம்பிகை நிற்கிறாள், அருகில் சிங்கமும் இரு பிள்ளைகளும். உருவங்களின் அடியில் வட்டெழுத்தில் தமிழ்க் கல்வெட்டுகள். மலைக்குப் பழைய பெயர் திருச்சாரணத்து மலை. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், ஒன்பதாம் நூற்றாண்டு, குணந்தாங்கி குரத்திகள் என்ற பெண் துறவி இங்கே பொன் அணிகள் கொடுத்ததை ஒரு கல்வெட்டு சொல்கிறது. அரட்டநேமி பட்டாரரின் மாணவி. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்தி, இந்த மலையில், படித்த ஒரு பெண்ணின் பெயர் கல்லில் ஏறியிருக்கிறது. பத்மநாபபுரத்துக் கட்டிலுக்குக் கூடுகிற கூட்டத்தில் கால்வாசி இங்கே வந்தாலும் எனக்குச் சந்தோஷம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் குகைக்கோவில் பகவதி கோவிலானது. பகவதிக்கு விளக்கு எரிகிறது, பக்கத்து அறைகளில் தீர்த்தங்கரர்கள் அவர்கள் பாட்டுக்கு இருக்கிறார்கள். யாரும் யாரையும் காலி செய்யவில்லை. இப்போது மத்தியத் தொல்லியல் துறையின் காவல். கோவிலுக்கு மேலே பாறையில் ஏறினால் சுனை, அதற்கப்பால் தென்னை, ரப்பர், தூரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை. மாநில எல்லை இந்தப் பச்சைக்குள் எங்கேயோ ஓடுகிறது, கோடு எங்கே என்று உத்தேசமாகக்கூடக் காட்ட முடியாது.

அங்கே ஒரு திண்ணைப் பாறையில் படுத்துக்கொண்டேன். அரை மணி நேரம் இருக்கும். வேறு ஒன்றும் செய்யவில்லை. இந்தப் பயணத்தின் நோக்கமே அதுதான் என்பதை எழுதாமல் விட்டால் தப்பு.

கீழே வந்தபோது பெரியம்மா கடையில் பஞ்சாயத்து ஒன்றைத் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றுக்கு மேலே ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குக் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டு போகும் பாலம். 28 தூண், உயரம் 115 அடி. 1960-களின் வேலை. விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களின் வறண்ட மேட்டுக்குப் பட்டணங்கால்வாய்த் தண்ணீர் இப்படித்தான் போகிறது. நல்ல பொறியியல், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அதை ரசிக்க இடமில்லை. நடைபாதையில் ஆள்மேல் ஆள், செல்ஃபி. பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டோம். வாரநாளில் போங்கள்.

நடுவில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம். திருவட்டாறு மாலைக்குத்தான் என்பது பெரியம்மாவின் கட்டளை. காரணம் இருந்தது. ஆதிகேசவப் பெருமாள் மேற்கு பார்த்துச் சயனித்திருக்கிறார். புரட்டாசியிலும் பங்குனியிலும் சில நாட்கள் அஸ்தமன வெயில் நேராக உள்ளே போய் மூலவர் மேல் விழும். அதைப் பார்க்கலாம் என்று கிளம்பினோம், மேகம் ஒத்துழைக்கவில்லை.

மலைநாட்டுத் திவ்ய தேசங்கள் பதின்மூன்றில் ஒன்று. நம்மாழ்வார் பாடியது. பிரகாரத்தில் நீண்ட கல் மண்டபம், தூணுக்குத் தூண் கையில் விளக்கேந்திய பெண் சிற்பங்கள். அவர்களில் ஒருத்தியின் முன்னால் நின்று பார்த்தேன். அகல் ஏந்திய கைகளின் விரல்களில் நகக்கண் வரைக்கும் செதுக்கியிருக்கிறான் கல்தச்சன். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்த அகலுக்குள் யாரோ இன்றைக்கும் ஒரு திரி போட்டிருந்தார்கள். கட்டுமானமும் பூஜை முறையும் மலையாள வழக்கம், ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். நிர்வாகம் தமிழ்நாட்டு அறநிலையத் துறை. பத்மநாபபுரத்துக்கு நேர் எதிர்.

மூலவர் 22 அடி நீளம். கல் இல்லை, கடுசர்க்கரை யோகம் என்ற கலவையால் ஆன திருமேனி, உள்ளே 16,008 சாளக்கிராமங்கள். ஒரே பார்வையில் முழுதாகப் பார்க்க முடியாது. மூன்று வாசல். ஒன்றில் முகம், ஒன்றில் நாபி, ஒன்றில் பாதம். வரிசையில் நகர்ந்துகொண்டே மனதுக்குள் சேர்த்துக்கொள்ளவேண்டும். 2022 ஜூலை 6-இல் கும்பாபிஷேகம் நடந்தது, அதற்கு முந்தியது 418 வருடத்துக்கு முன்னால். பெரியம்மா அந்தக் கூட்டத்தில் நின்றவள். "கால் ரெண்டும் வீங்கிப் போச்சு, ஆனா இனி நானூறு வருசத்துக்குக் கவலை இல்லை பாரு" என்றாள்.

திங்கள், காலை. மார்த்தாண்டம்

ராத்திரி முழுக்க மழை. பக்கத்து வீட்டு அண்ணாச்சி விடியலில் ரப்பர் வெட்டப் போகவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டு, மழை விட்டால் வெட்டலாமா, மரம் காயவேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தார். திருவனந்தபுரத்துக்குப் போன சாமிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. விஜயதசமி முடிந்து ஒரு நாள் நல்லிருப்பு என்ற ஓய்வு, அதன் பிறகுதான் புறப்படுவார்கள், வந்த வழியே திரும்ப என்றார். குழித்துறை மகாதேவர் கோவிலில் இரவு தங்கல். அன்றைக்கு மட்டும் வெயில் அடித்தாலும் அவர் மரம் வெட்டமாட்டாராம்.

"நீயும் வா. சாமி திரும்பி வாறதைப் பாக்காதவ பத்மநாபபுரம் பாத்ததாச் சொல்லிக்கிடக்கூடாது" என்று பெரியம்மா பையில் மட்டிப் பழத்தையும் ஏத்தங்காய் சிப்ஸையும் திணித்துக்கொண்டே சொன்னாள். தேன் பாட்டில் வேண்டாம், ரயிலில் சிந்தும் என்றேன். அதையும் வைத்தாள்.

வாரநாள் வருகிறது, விடுப்பு கேட்கவேண்டும். கிடைத்தால் அடுத்த பதிவு குழித்துறையிலிருந்து.